காங்கிரீட் மூடுவதற்கு முன்

தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் போடுகிறவர்களுக்குத் தண்ணீரைப் பற்றித் தெரிந்த அளவுக்கு வீடு கட்டுகிறவர்களுக்கும் தெரிந்திருந்தால், எங்கள் தீவில் பல வீடுகளின் தளம் இன்றைக்கும் நன்றாக இருந்திருக்கும். இங்கே மணலில் கொஞ்சம் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். அதை நம்பித்தான் நாற்றங்கால்கள். வெளியூர்களுக்கெல்லாம் இங்கிருந்து மல்லிகை நாற்றுப் போகிறது. ஆனால் அந்த நல்ல தண்ணீர், பெய்த மழை மணலுக்குள் இறங்கி, தன்னைவிடக் கனமான கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கும் ஓர் அடுக்குதான். கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால் அதற்குக் கீழே சுமார் நாற்பதடிக்கு நன்னீர் இருக்கும் என்று ஒரு கணக்கு உண்டு. மேலே இருக்கும் அந்த ஓரடியை மோட்டார் போட்டு இறைத்துவிட்டால், கீழேயிருந்து உப்பு ஏறி வரும். கார்த்திகையில் இனிக்கிற கிணறு சித்திரையில் கரிப்பது இதனால்தான். நாற்றுக்காரர்கள் இதை அறிந்து அளவாக மொண்டு ஊற்றுவதைச் சிறுவயதிலிருந்தே பார்த்திருக்கிறேன். வீட்டு வேலையோ, மழை ஓய்ந்து தை பிறந்ததும் தொடங்கி, கோடையில் தளம் போடுவதில் வந்து நிற்கும். கிணறு கரிக்கிற மாதத்தில்தான் காங்கிரீட்டுக்கு அதிகத் தண்ணீர் வேண்டியிருக்கிறது.

நாங்கள் வீடு கட்டியது 2011-இல். அப்பா அதற்கு முந்தின வருடம்தான் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றிருந்தார். பாம்பன் ரயில் பாலத்தைப் பராமரிக்கும் கேங்கில் அவருக்கு வேலை. துருவைச் சுரண்டுவது, பெயின்ட் அடிப்பது, ரிவிட்டுகளைச் சுத்தியலால் தட்டிப் பார்ப்பது. இறுகிய ரிவிட் ஒரு மாதிரி ஒலிக்கும், தளர்ந்தது வேறு மாதிரி ஒலிக்கும். அந்தக் காது அவருக்குக் கடைசிவரை இருந்தது. நான் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறவள். அவருடைய ஓய்வூதியப் பணமும் என் வீட்டுக்கடனும் சேர்ந்துதான் அந்த வீடு. அதனால் வேலை நடந்த இடத்தில் எங்கள் இருவரில் ஒருவராவது எப்போதும் நின்றோம்.

மேஸ்திரி மண்டபத்துக்காரர். கைவேலை சுத்தமானவர். முதல் நாளே தண்ணீரைப் பற்றிக் கேட்டேன். "நல்ல தண்ணிதான் டீச்சர், நாங்களே அதத்தான் குடிக்கிறோம்" என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. கடற்கரையில் பிறந்து வளர்ந்த நாக்கு உப்புக்குப் பழகிவிடுகிறது. கொஞ்சம் கரித்தாலும் அது தண்ணீரின் இயல்பான சுவை என்றே நினைத்துக்கொள்வோம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு சோதனைக் குழாயில் அந்தத் தண்ணீரை எடுத்து, சில்வர் நைட்ரேட் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டேன். முதல் சொட்டிலேயே வெள்ளையாகத் திரண்டது. பிள்ளைகளுக்கு வருடாவருடம் செய்து காட்டுகிற சோதனைதான், ஆனால் அன்றைக்கு அதைப் பார்த்து வயிறு கலங்கியது. உப்பு இருக்கிறது என்று இந்தச் சோதனை சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அதற்கு ராமநாதபுரத்தில் குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் கொடுத்தோம். லிட்டருக்கு ஆயிரம் மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு என்று எழுதி வந்தது.

இந்தியத் தர நிர்ணயம் 456, 2000-ஆம் ஆண்டுப் பதிப்பு, கம்பி உள்ள காங்கிரீட்டுக்குச் சேர்க்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்கிறது. கம்பி இல்லாத வெறும் காங்கிரீட்டானால் 2,000 வரை போகலாம். இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில்தான் எங்கள் ஊர் வீடுகளின் கதை முழுவதும் இருக்கிறது. கடல் உப்புக்குப் பகை காங்கிரீட் அல்ல, உள்ளே இருக்கும் இரும்புதான். சிமென்ட்டின் காரத்தன்மையால் கம்பியின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய காப்புப் படலம் உண்டாகிறது. அந்தப் படலம் இருக்கும்வரை கம்பிக்குத் துரு இல்லை. குளோரைடு அதை அங்கங்கே துளைத்துவிடுகிறது. துருவாக மாறிய இரும்புக்குப் பழைய இடம் போதாது. அது பல மடங்கு பருத்து, சுற்றியிருக்கும் காங்கிரீட்டை உள்ளிருந்து நெட்டித் தள்ளுகிறது.

பாம்பனில் என் அத்தை வீட்டில் இதைக் கண்ணால் பார்த்தோம். எண்பதுகளில் கட்டிய வீடு. கிணற்றில் மோட்டார் போட்டு, அதே தண்ணீரில் கலந்து, அதே தண்ணீரை ஊற்றித் தளத்தை ஆற்றியிருந்தார்கள். ஒரு மத்தியானம் கூடத்தின் மேல்தளத்திலிருந்து ஒரு பெரிய வில்லை பெயர்ந்து விழுந்தது. நல்லவேளையாகக் கீழே யாரும் படுத்திருக்கவில்லை. அண்ணாந்து பார்த்தால் கம்பி நூலாகியிருந்தது. கையால் தொட்டதும் உதிர்ந்தது. அத்தைக்குக் கடைசிவரை ஒரு சந்தேகம்: "சுவத்துல ஒரு வெடிப்பு இல்லையே, இது எப்படித் திடீர்னு?" அது திடீரென்று வரவில்லை. காங்கிரீட் போட்ட அன்றைக்கே உள்ளே போய்விட்ட உப்பு இருபத்தைந்து வருடமாக வேலை செய்திருந்தது.

புதுவீட்டில் குறை தேடுகிறவர்கள் எல்லோரும் வெடிப்பைத்தான் தேடுகிறார்கள். வெடிப்பைக் கவனிக்க வேண்டியதுதான், அதற்கும் வருகிறேன். ஆனால் இந்தக் கரையில் மிகப் பெரிய குறைகள் வெடிப்பாகத் தெரியும்போது காலம் கடந்துவிடுகிறது. அவற்றைப் பார்க்கக் கிடைக்கிற நேரம் மிகச் சிறியது. கம்பி கட்டி முடித்ததற்கும் காங்கிரீட் கொட்டுவதற்கும் நடுவில் இருக்கும் அந்த ஒன்றிரண்டு நாள், அப்புறம் பலகை பிரித்ததற்கும் பூச்சு ஏறுவதற்கும் நடுவில் இருக்கும் சில மணி நேரம். வீட்டுக்காரர் இந்த இரண்டு வேளையும் அங்கே இல்லையென்றால், பிறகு ஆயுளுக்கும் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தண்ணீரைச் சோதித்து வேறொரு மணல்மேட்டுக் கிணற்றிலிருந்து டேங்கர் வண்டியில் எடுத்தோம். தளத்தை ஆற்றுவதற்கும் அதே தண்ணீர்தான். "ஆத்துறதுக்கு எந்தத் தண்ணி ஊத்துனா என்ன டீச்சர்?" என்று மேஸ்திரி கேட்டார். புதுக் காங்கிரீட் தண்ணீரைக் குடிக்கும். உப்புத் தண்ணீரை ஊற்றினால் உப்போடுதான் குடிக்கும். மணலிலும் இதே கவனம் வேண்டியிருந்தது. அப்போது ஆற்றுமணல்தான் புழக்கத்தில் இருந்தது. ஒரு லோடு வந்து இறங்கியபோது அப்பா ஒரு கை அள்ளி வெயிலில் விரித்துப் பார்த்தார். மணலுக்குள் பொடிப்பொடியாகக் கிளிஞ்சல் துண்டுகள். ஆற்றில் கிளிஞ்சல் எங்கிருந்து வரும்? கடல்மணலைக் கலந்திருந்தார்கள். லாரிக்காரரோடு பெரிய வாக்குவாதம், அந்த லோடு திரும்பிப் போனது.

வானம் தோண்டியபோது வடமேற்கு மூலையில் மண் நிறம் மாறி, கரியும் ஓட்டுச் சில்லும் வந்தன. எப்போதோ தூர்த்த பழைய கிணறு. பொறியாளர் அந்த இடத்தில் இன்னும் ஆழமாகத் தோண்டச் சொல்லி, அடித்தளத்தை அகலப்படுத்தினார். இதற்கு அதிகமாக அங்கே ஒன்றும் நடக்கவில்லை.

கம்பி வந்து இறங்கியதிலிருந்துதான் அப்பாவுக்குத் தூக்கம் போயிற்று. எங்கள் ஊரில் இரும்பை மணலில் போட்டால் மறுநாள் காலையில் சிவந்திருக்கும். தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா, தெற்கே மன்னார் வளைகுடா. வாடை வீசினாலும் சோழகம் வீசினாலும் அது கடலைத் தாண்டித்தான் வருகிறது. அப்பா பனந்துண்டுகளை வரிசையாகப் போட்டு, கம்பிகளைத் தரையிலிருந்து தூக்கி அடுக்கச் சொன்னார். மேலே தார்ப்பாய். தூசியாக ஒட்டி, துணியால் துடைத்தால் போகிற செம்மை கெடுதலில்லை. செதிலாக உரிகிறதா, உரிந்த இடத்தில் குழி இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டும். குழி விழுந்த கம்பியை ஒதுக்கினோம். மற்றதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நல்ல தண்ணீரால் கழுவிக் காயவைத்துத்தான் கட்டினார்கள்.

அதோடு நிற்காமல் பாலத்தில் அடித்தது போலக் கம்பிக்கெல்லாம் செந்நிற பெயின்ட் அடித்துவிடலாம் என்று அப்பா ஒரே பிடியாக நின்றார். பொறியாளர் வயதில் சின்னவர், பொறுமையாக எடுத்துச் சொன்னார்: "பாலத்து இரும்பு வெளியில நிக்குதுங்கய்யா. இது காங்கிரீட்டப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். பெயின்ட் அடிச்சா வழுக்கிரும்." காங்கிரீட்டோடு ஒட்டக்கூடிய சிமென்ட் பாலிமர் பூச்சு ஒன்றைக் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் உருவாக்கியிருப்பதையும் சொன்னார். 1948-இல் அடிக்கல் நாட்டப்பட்ட அந்த ஆய்வகத்துக்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். துருவை ஆராய அந்த ஆய்வகம் மண்டபத்தில் தனியாக ஓர் இடமே வைத்திருக்கிறது. உலகத்திலேயே இரும்பை வேகமாகத் தின்னும் காற்றுகளில் மண்டபத்துக் காற்றும் ஒன்று என்று சொல்வார்கள். அந்தக் காற்றில்தான் நாங்கள் எல்லோரும் வீடு கட்டிக்கொண்டிருக்கிறோம். பூச்சுப் பூசிய கம்பியை வளைக்கும்போது எங்காவது கீறினால் துரு அங்கே கூடிவிடும் என்பதால், பொறியாளர் வேறு வழியை நம்பினார். காங்கிரீட் நெருக்கமாக இருக்க வேண்டும், கம்பிக்கு வெளியே போதுமான கனத்தில் இருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் தளத்துக் கம்பிக்கு அடியில் பெரும்பாலும் ஒரு விரற்கடைகூட காங்கிரீட் இருக்காது. சென்ட்ரிங் தகட்டின் மேல் கம்பியைப் பின்னி, அங்கங்கே ஜல்லித் துண்டை அண்டை கொடுத்துவிடுவார்கள். நாலு பேர் மேலே நடந்தால் ஜல்லி நழுவி, கம்பி தகட்டோடு ஒட்டிக்கொள்ளும். கடற்காற்றுக்கு நேராக நிற்கும் காங்கிரீட்டுக்கு அதே தர நிர்ணயம் எம் 30 தரமும், கம்பிக்கு வெளியே 45 மில்லிமீட்டர் கனமும் கேட்கிறது. வேறு ஊர்களில் 20 மில்லிமீட்டரில் முடிகிற விஷயம். உப்பு வெளியிலிருந்து கம்பியைச் சென்றடைய எத்தனை வருடம் எடுக்கும் என்பதை அந்தக் கனம்தான் தீர்மானிக்கிறது. தளம் தடிமனானது, கம்பிச் செலவும் ஏறியது. கம்பியைத் தகட்டிலிருந்து தூக்கி நிறுத்தும் கவர் பிளாக் கட்டைகளை நல்ல தண்ணீரில் கலந்து நாங்களே வார்த்து, தொட்டியில் ஊறப்போட்டு எடுத்தோம். தளம் போடுவதற்கு முந்தின இரவு அப்பா டார்ச் லைட்டும் டேப்பும் எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறிவிட்டார். நழுவிய கட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டே போனார்.

அன்றைக்கு அவர் கண்டுபிடித்த இன்னொன்று துருவைவிட ஆபத்தானது. முன்பக்கம் நாலடி நீட்டிய பால்கனி. ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு உள்ள தளத்துக்கு இழுவிசை மேல்பக்கத்தில் வரும், எனவே முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும். வரைபடத்தில் அப்படித்தான் இருந்தது, கட்டியதும் அப்படித்தான். ஆனால் சாயங்காலம் முழுக்க ஆட்கள் அதன் மேல் மிதித்து நடந்ததில் மேல்கம்பி தாழ்ந்து, அடிக்கம்பியோடு படுத்துவிட்டது. அப்படியே காங்கிரீட் போட்டிருந்தால் வெளியிலிருந்து பார்க்க அழகான பால்கனிதான். கீழே முட்டுக்கொடுத்த சவுக்குக் கழியைப் பிரிக்கும் அன்று தெரிந்திருக்கும், அல்லது ஒரு கல்யாணத்தில் பத்துப் பேர் போய் நிற்கும்போது தெரிந்திருக்கும். காலையில் மேஸ்திரியிடம் காட்டியபோது அவர் முகம் வெளிறிவிட்டது. எதிர்வாதம் ஒன்றும் செய்யவில்லை. நாற்காலி போல வளைத்த துண்டுக் கம்பிகளைக் கீழே கொடுத்து மேல்கம்பியை நிறுத்திய பிறகுதான் மிஷினை ஓட விட்டார். ஆள் நடக்கக் கம்பியின் மேல் பலகை போட்டார்கள்.

காங்கிரீட் போட்ட நாளில் என் இடம் கலவை மிஷினுக்குப் பக்கத்தில். ஒரு மூட்டை சிமென்ட் 50 கிலோ. தண்ணீர் அதன் எடையில் 45 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது, அதாவது மூட்டைக்கு இருபத்திரண்டரை லிட்டர். மணல் ஈரமாக இருந்தால் அதையும் கழிக்க வேண்டும். பெயின்ட் வாளியில் கோடு கிழித்துக் கொடுத்திருந்தேன். வெயில் ஏற ஏற, "கலவ ஓட மாட்டேங்குது டீச்சர், இன்னும் அர வாளி விடுவோம்" என்று மேலேயிருந்து குரல் வரும். அவர்கள் சிரமம் எனக்குப் புரிந்தது. கெட்டிக் கலவையைச் சட்டியில் சுமந்து, கம்பிக்குள் இறக்கி, மட்டக்கட்டை இழுப்பது கைவலிக்கும் வேலை. ஆனால் கூடுதலாக விட்ட தண்ணீர் சிமென்ட்டோடு சேராமல் பிறகு ஆவியாகிப் போகிறது. அது இருந்த இடமெல்லாம் நுண்துளையாக நிற்கிறது. கடற்காற்று அந்த வழியாக உள்ளே வரும். கலவையை இளக்கும் திரவத்தைப் பொறியாளர் சொன்ன அளவுக்குச் சேர்த்தோம், வைப்ரேட்டரை ஓயவிடாமல் ஓட்டினோம். கூலியாட்களுக்கு அன்றைக்குப் பேசியதைவிட அதிகம் கொடுத்தோம். அது நியாயமான செலவு. அவர்களுடைய கைவலியில்தான் அந்தக் காங்கிரீட் நெருக்கமாக இருந்தது.

தூண்களில் ஒரு தொல்லை வந்தது. ஒரு காலை பலகை பிரித்த பிறகு நாங்கள் போவதற்குள், ஒரு தூணின் அடியில் சிமென்ட் பாலை இழுத்துப் பூசியிருந்தார்கள். மற்றத் தூண்களெல்லாம் சாம்பல் நிறம், அது மட்டும் அடியில் ஒரு முழத்துக்குப் பளபளப்பு. அப்பா சுத்தியலின் பின்பக்கத்தால் மேலிருந்து கீழே தட்டிக்கொண்டே வந்தார். ஓரிடத்தில் சத்தம் செத்துப்போயிற்று. பூச்சை உரித்தால் உள்ளே தேன்கூடு. ஜல்லி ஜல்லியாகத் தெரிந்தது, ஜல்லிக்கு நடுவில் சாந்தே இல்லை, கம்பியும் தெரிந்தது. பலகைக்கு அடியில் இடுக்கு விட்டிருந்ததால் சிமென்ட் பால் வழிந்துபோயிருந்தது. அதை மூடச் சொன்னது யார் என்று கேட்டுச் சண்டை போடுவதில் அப்பாவுக்கு விருப்பமில்லை. "மூடுனத விடு தம்பி, தெறந்தாச்சுல்ல, இப்பச் சரி பண்ணு" என்றார். பொறியாளர் வந்து, கெட்டியான காங்கிரீட் தட்டுப்படும் வரை உளி வைத்துக் கொத்தி எடுக்கச் சொன்னார். கம்பிக்குப் பின்னாலும் விரல் போகும் அளவுக்கு எடுத்து, கழுவி, சுருங்காத வகைக் கலவையை அடைத்தார்கள். தேன்கூடு வருவது பெரிய குற்றமில்லை, கவனமான இடத்திலும் வரும். அதைப் பூசி மறைப்பதைத்தான் என்னால் இன்றைக்கும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. ஒரு குடும்பம் அதற்கடியில் தூங்கப் போகிறது.

இனி வெடிப்புகள். தளம் போட்ட சில மணி நேரத்திலேயே மேலே குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கீற்றுகள் தெரிந்தால், அது வெயிலும் காற்றும் மேல் ஈரத்தை உறிஞ்சியதால் வருவது. உடனே தட்டி மூடி, ஈரச் சாக்குப் போட்டால் அடங்கும். தூணும் செங்கல் சுவரும் சேருமிடத்தில் நேர்கோடாக வருவது, இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கி விரிவதால். பூச்சுக்கு முன் அங்கே கம்பி வலை அடிக்க வேண்டும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவதும், செங்கல் வரிசையில் படிப்படியாக இறங்குவதும் அப்படிப்பட்டதல்ல. அவற்றின் மேல் ஒரு சிறு கண்ணாடித் துண்டைக் குறுக்கே பதித்து, தேதி எழுதி வைக்க வேண்டும். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று அர்த்தம். எங்கள் வீட்டில் பழைய கிணறு இருந்த மூலைக்கு மேலே அப்படி ஒன்று வைத்தோம். இரண்டு மழைக்காலம் தாண்டியும் அது உடையவில்லை. எல்லாவற்றிலும் மோசமானது, கம்பி ஓடும் வழியிலேயே நேராக ஓடி, ஓரத்தில் பழுப்பு நீர் கசியும் வெடிப்பு.

அந்த வருடங்களில் தனுஷ்கோடிக்குப் போகும்போதெல்லாம் அங்கே நிற்கும் மாதா கோயிலின் சுவர்களை முன்பைவிடக் கூர்ந்து பார்த்தேன். பவளக்கல்லும் சுண்ணாம்பும். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் ஊரே போன பிறகும், கூரையில்லாமல் அத்தனை வருட உப்புக்காற்றில் அவை நிற்கின்றன. உள்ளே இரும்பில்லை, அதனால் உள்ளிருந்து வெடிக்க ஒன்றுமில்லை. என் அப்பத்தா வீடும் பவளக்கல் சுவர்தான், மேலே பனஞ்சட்டம். ஆனால் அந்தக் கட்டுமானத்துக்குத் திரும்பிப் போக முடியாது, போகவும் கூடாது. பவளப்பாறைகளை வெட்டி எடுத்ததால் மன்னார் வளைகுடாத் தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன. இன்று பவளம் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. இரும்போடுதான் வாழ வேண்டும் என்றால் அதைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வதுதான் வழி.

அப்பா காப்பாற்றிய பாலம் 1914-இல் திறந்தது. அதே 1964 புயலில் உருக்குலைந்து, ரயில்வே பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் மீண்டும் எழுந்தது. கடலில் விழுந்த இரும்பு கர்டர்களைத் தூக்கி எடுத்ததைச் சிறுபையனாக அப்பா கரையில் நின்று பார்த்திருக்கிறார். தூக்குப் பகுதியை அரித்த துருவால் 2022 டிசம்பரில் அதன் மேல் ரயில் ஓடுவது நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பாலிசிலாக்ஸேன் பூச்சும் அதில் சேர்ந்திருப்பதைச் செய்தியில் படித்தபோது, பெயின்ட் வாளியோடு நின்ற அப்பாவை நினைத்துக்கொண்டேன். அவர் அப்போது இல்லை.

வீட்டுக்கு இப்போது பதினான்கு வயது தாண்டிவிட்டது. கடலைப் பார்த்த தெற்குப் பக்க சன்ஷேடின் அடியில் சென்ற வருடம் ஒரு பழுப்புக் கோடு தெரிந்தது. அவருடைய சுத்தியலால்தான் தட்டினேன். ஓரடி நீளத்துக்குச் சத்தம் மாறியது. கொத்திப் பார்த்ததில் அங்கே கட்டை நழுவி, கம்பி வெளிப்பக்கத்துக்கு மிக அருகில் வந்திருந்தது. துருவைத் தேய்த்து எடுத்து அடைத்தாயிற்று. தளம், தூண், பால்கனி எல்லாம் ஒரே மாதிரி கணீரென்று ஒலிக்கின்றன. மழை முடிந்ததும் ஒருமுறை, சித்திரையில் ஒருமுறை வீடு முழுக்கத் தட்டிப் பார்த்துவிடுகிறேன்.

எங்களுக்கு வீடு கட்டிய மேஸ்திரிக்கு இப்போது கண்பார்வை குறைந்துவிட்டது. வேலையை மகன் பார்க்கிறார். அவர் பாம்பனில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருக்கிறார், வீட்டுக்காரர்கள் வெளிநாட்டில். போன வாரம் அவரிடமிருந்து போன் வந்தது. "டீச்சர், பால்கனிக்கு மேல்கம்பி கட்டி முடிச்சாச்சு. அப்பா ஒங்கள ஒருதடவ பாக்கச் சொல்லுது. நாளைக்குக் காலையில வந்துருவீகளா? நீங்க பாத்துட்டுப் போனதும்தான் மிஷின வரச் சொல்லணும்."